வரப்போரத்து இலைச் சில்வண்டுகள்: முதல்முறை தேடுபவர்களுக்கு

சில்வண்டு என்றால் நம்மில் பலருக்கு ராத்திரிச் சத்தமும், குளியலறை மூலையில் தாவும் பழுப்புப் பூச்சியும்தான் ஞாபகம் வரும். அதே வம்சத்தில், பகலிலேயே இலைமேல் உலாவுகிற குட்டிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. நீளம் ஒரு நெல்மணி அளவு. நிறம் பளபளக்கும் கறுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், வைக்கோல் நிறம் என்று இனத்துக்கு இனம் மாறும். பூச்சியியலில் இவற்றை டிரிகோனிடிடே குடும்பத்தில் வைக்கிறார்கள். இங்கே இலைச் சில்வண்டு என்றே எழுதுகிறேன்.

நெல் வயல், வாய்க்கால் கரை, குளத்தோரப் புல் இங்கெல்லாம் இவை இருக்கின்றன. தினமும் அதே வரப்பில் நடக்கிறவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அபூர்வமான பூச்சி என்பதால் அப்படி ஆகவில்லை. சில்வண்டைத் தரையில் தேடுகிறோம், இருட்டில் தேடுகிறோம், சத்தத்தை வைத்துத் தேடுகிறோம். இந்தக் கூட்டத்தில் பலருக்கு மூன்றுமே பொருந்தாது.

யாரைத் தேடுகிறோம்

ஆரம்பத்தில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது மெட்டியோகி விட்டாட்டிகாலிஸ். நெல் வயலுக்குள்ளேயே குடியிருப்பவர். வளர்ந்தது கறுப்பு, குஞ்சு வெளிறிய உடலில் பழுப்புக் கோடுகளோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் வேறு வேறு பூச்சி என்றுதான் நினைப்பீர்கள்.

இரண்டாவது டிரிகோனிடியம் சிசிண்டெலாய்டிஸ். தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா, ஆசியா வரை பரவிய இனம். ஈரப் புல்லும் கோரையும் இதற்குப் பிடித்த இடம். பளிச்சென்ற கறுப்பு உடல், பின்தொடை மட்டும் சிவப்பு. முன்னிறகு தடித்து மேடாக வளைந்திருப்பதால், அசையாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் வண்டு என்றே சொல்வார்கள். பெயரிலேயே சிசிண்டெலா என்ற வண்டு ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது ஹோமியோசைபா லைகாய்டிஸ். மூவரில் அழகு இதற்குத்தான். தலையும் அதன் பின்னுள்ள கழுத்துத் தகடும் செம்மஞ்சள். இறகில் கறுப்பும் கண்ணாடி போன்ற பகுதியும் கலந்திருக்கும். மற்ற இரண்டும் ஊமை. இதன் ஆண் பாடும்.

இவ்வளவு சின்னப் பூச்சிக்கு இத்தனை பகட்டு எதற்கு? அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஃபில்லோபால்பஸ் புல்செல்லஸ் என்ற நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. ரத்தச் சிவப்புத் தலையும் மார்பும், கரிய இறகும், வெளிர்மஞ்சள் காலுமாக இருக்கும். தொட்டால் சூடான நச்சு நீரைப் பீய்ச்சும் குண்டுவீச்சு வண்டுகளின் நிறமும் ஏறக்குறைய இதேதான். அந்த வண்டைக் கொத்திச் சூடுபட்ட பறவையோ தவளையோ இதையும் விட்டுவிடும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். அங்கேயும் இதன் இருப்பிடம் ஓடைக்கரையும் சதுப்போரமும்தான். தரையிலிருந்து ஒரு மீட்டர் வாக்கில், செடிமேல். கண்டம் மாறினாலும் முகவரி மாறவில்லை.

இடம்: இதில்தான் பாதி வேலை

ஒரே விதிதான். நீரும் நிலமும் சேரும் ஓரத்தில், சில வாரமாவது அரிவாள் படாத புல்லைப் பாருங்கள். முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவிலான உயரம் நல்லது. கோரை, சம்பு, நாணல், வாய்க்கால் சேம்பு, வயலுக்குள் சாய்ந்து கிடக்கும் அகல இலைப் புல் எல்லாமே தேடத் தகுந்தவை. தனித்தனியாக நிற்கும் செடியைவிட, இலைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அடர்த்தியான பத்தையே முக்கியம். இந்தப் பூச்சி இறங்கி நடப்பதை விரும்பாது. இலைவிட்டு இலை தாவித்தான் ஊர் சுற்றும்.

சுரண்டி மெழுகிய மாதிரி இருக்கும் வரப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம். களைக்கொல்லி பட்டு மஞ்சளாகிக் கருகிய ஓரத்தையும் விட்டுவிடுங்கள். காரணம் எளிது. பெண் தன் முட்டையைச் செடியின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. செடியை வெட்டி வெயிலில் போட்டால் முட்டையும் அதோடு காய்ந்துபோகும். பொரித்த குஞ்சுக்கு இறகு கிடையாது. அடுத்த தலைமுறைக்கும் அதே பத்தைதான் வீடு. அறுவடை முடிந்து வயல் வெறும் தாளாகக் கிடக்கும்போது வயல்வாசிகளுக்குப் போக்கிடமும் இந்த வரப்புப் புல்தான். வரப்பைத் துப்புரவாக வைத்திருப்பதை நல்ல விவசாயத்தின் அடையாளமாக நம்மவர்கள் பேசுவதுண்டு. எலி வளையை நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலு பக்கத்தையும் ஒரே நாளில் சுரண்டாமல் ஒரு பக்கத்தை விட்டுவைத்தாலே இந்தப் பூச்சிக்குப் போதும் என்பது என் கட்சி.

நகரத்தில் இருப்பவர்கள் ஏரிக்கரை, மழைநீர் தேங்கும் காலிமனை, பூங்காவில் வெட்டாமல் விட்ட மூலை இவற்றில் தொடங்கலாம். புல்தரையில் தேடாதீர்கள்.

அடுத்தவர் வயலென்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடையும் டப்பாவுமாக ஒருவர் வரப்பில் குந்தியிருந்தால் கேள்வி வராமல் போகாது. "என்ன தம்பி, எதாச்சும் தொலஞ்சுபோச்சா?" என்பார்கள். "இல்லண்ணே, பூச்சி பாக்குறேன், புகையான் குஞ்ச திங்கிற பூச்சி" என்று சொன்னால் முகம் மாறும். புகையான் நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. அதோடு கடைசியாக எப்போது மருந்தடித்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் அடித்திருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், பூச்சிக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் உடம்புக்காகவும்தான்.

காலம், நேரம்

மழை பெய்து புல் தழைத்த பிறகுதான் நன்றாகக் கிடைக்கும். டெல்டா பக்கம் சம்பா நடவாகி ஒரு மாதம் கழிந்து, பயிர் தூர்கட்டி இலைகள் ஒன்றோடொன்று கலந்த பிறகு வயலுக்குள்ளும் பார்க்கலாம். நடவு முடிந்த கையோடு போனால் வயலில் ஒன்றும் இருக்காது, வரப்பைப் பாருங்கள்.

காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை சரியான நேரம். உடம்பு இன்னும் சூடேறாததால் தாவச் சோம்பல்படும். பத்து மணிக்கு மேல் அதே பூச்சி உங்கள் நிழல் விழுவதற்குள் இரண்டு இலை தாண்டிவிடும். காற்றடிக்கும் நாளில் இலையாட்டத்துக்கு நடுவே பூச்சியாட்டம் தெரியாது, வீட்டிலேயே இருங்கள்.

என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்

வெள்ளை எனாமல் தட்டு, அல்லது வெளிர்நிறத் துணிக்குடை. மூடி இறுகும், கண்ணாடிபோல் தெளிவான சின்ன டப்பா இரண்டு மூன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் விலை குறைவு, இதற்கு அதுவே தாராளம். ஒரு நோட்டு. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். வரப்புப் புல் கண்ணாடி விரியனுக்கும் பிடித்த இடம். கையை விடுவதற்கு முன் ஒரு கழியால் புல்லை விலக்கிப் பாருங்கள்.

தேடும் முறை

முதல் வேலை உட்காருவது. ஒரு பத்தையைத் தேர்ந்தெடுத்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில், உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி குந்துங்கள். அந்த ஒரு பத்தையை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். உடம்பைத் தேடாதீர்கள், மீசையைத் தேடுங்கள். உடல் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளமான, மயிரிழை மெல்லிய உணர்கொம்பு இரண்டும் சதா ஆடிக்கொண்டே இருக்கும். பூச்சி இலையின் பின்பக்கம் ஒளிந்திருக்கும்போதுகூட மீசை ஓரத்துக்கு வெளியே நீண்டு காற்றைத் துழாவும். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான்.

பார்த்துவிட்டீர்களா, அசையாதீர்கள். இவற்றின் முதல் தற்காப்பு தாவுவது இல்லை, சுற்றிக்கொள்வது. நீங்கள் இடமாக நகர்ந்தால் அது தண்டின் வலப்பக்கம் போய்விடும். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வலது கையை மெதுவாகத் தண்டுக்குப் பின்னால் கொண்டுபோனால் பூச்சி தானாகவே உங்கள் பக்கம் வந்து உட்காரும். போட்டோ எடுக்கவும் இதைவிடச் சுலப வழி கிடையாது.

இப்போது லென்ஸில் பாருங்கள். வாயோரத்தில் நான்கு சின்னத் துழாவிகள் ஓயாமல் இலையைத் தட்டித் தட்டிச் சோதிக்கும். அமெரிக்கச் சொந்தக்காரரிடம் வெளித்துழாவி இரண்டின் நுனியும் கறுத்து, துடுப்பு மாதிரி அகன்றிருக்கும். பிறகு பாதத்தைக் கவனியுங்கள். மூன்று கணுக்கள் இருக்கும். நடுக்கணு மட்டும் தட்டையாக, இதய வடிவில் அகன்றிருக்கும். வழவழப்பான இலைமேல் வழுக்காமல் நடக்க உதவுவது இந்தத் திண்டுதான். தரையில் ஓடும் சில்வண்டுக்கு இது கிடையாது. நிறத்தைப் பார்த்துக் குழம்பும்போதெல்லாம் பாதத்தைப் பாருங்கள், குடும்பம் தெரிந்துவிடும்.

உட்கார்ந்து பார்த்துக் கிடைக்கவில்லையா? தட்டிப் பாருங்கள். செடிக்குக் கீழே தட்டையோ, தலைகீழாக விரித்த குடையையோ பிடித்துக்கொண்டு, கழியால் தண்டில் ஒரே ஒரு தட்டு. பலமாக, ஒருமுறை. மெல்ல மெல்லப் பலமுறை தட்டினால் பூச்சி எச்சரிக்கையாகிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விழுந்தவற்றில் சிலந்தியும் எறும்பும்தான் அதிகம் இருக்கும், சில்வண்டு முதல் சில விநாடிகள் செத்த மாதிரி கிடந்து அப்புறம் தாவும். அந்த விநாடிகளுக்குள் டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும். விரலால் பிடிக்கவே கூடாது. பின்கால் அகப்பட்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டு ஓடிவிடும். கழன்ற கால் வளர்ந்த பூச்சிக்குத் திரும்ப முளைக்காது.

கொசுவலைத் துணியில் தைத்த வீச்சு வலையாலும் பிடிக்கலாம், ஆனால் எந்தச் செடியில் எந்த உயரத்தில் இருந்தது என்பது வலையில் தெரியாது. புதியவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டிய விஷயம். எனக்கு வலை பிடிப்பதில்லை.

எவற்றோடு குழம்பும்

வண்டோடு. வண்டின் மீசை குட்டை, முதுகில் இறகு இரண்டும் நடுக்கோட்டில் நேராகச் சந்திக்கும். சில்வண்டில் ஒரு இறகின்மேல் மற்றது படியும். இளம் வெட்டுக்கிளி என்றால் மீசை உடலைவிடக் குட்டை. நீளக்கொம்பு வெட்டுக்கிளியின் குஞ்சு மட்டும் உண்மையிலேயே ஏமாற்றும், அதற்கும் மீசை நீளம். பாதத்தில் கணுவை எண்ணுங்கள். அதற்கு நான்கு, நம்மவருக்கு மூன்று. சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு வாயில் ஊசி இருக்கும், துழாவி இருக்காது.

ஆணா பெண்ணா என்பது சுலபம். பெண்ணின் வால்முனையில் பக்கவாட்டில் தட்டையான, மேல்நோக்கி வளைந்த குட்டிக் கத்தி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையைத் தண்டுக்குள் செருகும் கருவி அது. கத்தி இல்லை, இறகு முழுதாக வளர்ந்திருக்கிறது என்றால் ஆண். இரண்டுமே இல்லையென்றால் குஞ்சு. குஞ்சை இனம் பிரிக்க முயன்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

காதால் தேடுவது

மெட்டியோகியும் டிரிகோனிடியமும் ஊமை என்று சொன்னேன். ஆகவே வரப்பில் சத்தமே இல்லையென்றால் பூச்சி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஹோமியோசைபா போன்றவற்றைத் தேடும்போதுதான் காதுக்கு வேலை. பகலிலும் பாடும். மெல்லிய, விடாத கிணுகிணுப்பு. ஸ்தாயி மிக உயரம், ஆறு ஏழு கிலோஹெர்ட்ஸ் வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களில் சிலருக்குக் கேட்கவே கேட்காது. ஒரு பொடிப்பயலைக் கூட்டிப்போனால் "அங்க கேக்குது" என்று கை காட்டிவிடுவான்.

சத்தம் வரும் திசையைப் பிடிப்பது கஷ்டம். தலையை இடமும் வலமும் திருப்பி, எந்தப் பக்கம் ஓங்குகிறது என்று பார்த்து ஒரு கோடு போடுங்கள். நாலடி தள்ளி நின்று இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் பத்தையில் சுருண்ட இலை, ஓட்டை விழுந்த இலை, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இலைகளின் இடுக்கு இவற்றைப் பாருங்கள். ஆண் இறகைத் தூக்கிப் பிடித்து ஒன்றோடொன்று உரசும்போது அது அதிர்ந்து மங்கலாகத் தெரியும். நீங்கள் நெருங்கியதும் நிறுத்திவிடும். இரண்டு நிமிடம் பொறுத்தால் மறுபடி தொடங்கும். கேட்கும் காது அதற்கு முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது.

பதிவு செய்ய வாட்ஸப் வாய்ஸ் நோட்டை நம்பாதீர்கள். மனிதப் பேச்சுக்காக அமைத்த பதிவு மேல்ஸ்தாயியை நசுக்கிவிடும். வேவ் கோப்பாகச் சேமிக்கும் ரிக்கார்டர் செயலியில், இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பதியுங்கள். பதிந்த நேரத்தில் வெயிலா, மேகமூட்டமா, முடிந்தால் எத்தனை டிகிரி என்றும் எழுதுங்கள். சூடு கூடினால் தாளமும் வேகமாகும், வெப்பம் தெரியாத பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

இந்தப் பாட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒரு சாட்சி உண்டு. அங்கே இதே கூட்டத்தைச் சேர்ந்த லௌபலா என்ற பேரினத்தில் 38 இனங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே பழுப்பு. வித்தியாசம் ஆணின் தாள வேகத்தில். பெண் தன் இனத்துக்குரிய வேகத்தைக் கேட்டுத்தான் நெருங்கும். 2005-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு, பத்து லட்சம் ஆண்டுக்கு நான்கு புதிய இனத்துக்கு மேல் இதில் உருவாகியிருப்பதாகக் கணித்தது. அதுவரை கணுக்காலிகளில் அளந்த வேகத்திலேயே அதுதான் உச்சம். ஜப்பானியர்களோ குசாஹிபாரி என்ற தங்கள் இலைச் சில்வண்டைப் பாட்டுக்காகவே கூண்டில் வைத்து வளர்த்தவர்கள்.

ஒரு ராத்திரி விருந்தாளி

மெட்டியோகி கிடைத்தால் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம். வாயகன்ற கண்ணாடி பாட்டில், மேலே மல்துணி, உள்ளே ஈரப்பஞ்சு. இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட்ட நெல்லிலை ஒன்றையும் வையுங்கள். முட்டை தட்டையாக, நீள்வட்டமாக, வெளிர்மஞ்சளாக, இலையின் நடுநரம்பை ஒட்டி ஒன்றிரண்டாக இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால்தான் தெரியும். பூச்சி நரம்போடு நடந்துவரும், துழாவிகள் இலையைத் தட்டும், முட்டை தட்டுப்பட்ட இடத்தில் நிற்கும். தலை குனியும். நகர்ந்த பிறகு லென்ஸில் பார்த்தால் முட்டை இருந்த இடத்தில் கிழிந்த தோல் மட்டும் ஒட்டியிருக்கும், சிலசமயம் அதுவும் இருக்காது.

இதைப் பிலிப்பைன்ஸில் வயலளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-இல் வெளியிட்ட நன்மை செய்யும் பூச்சிகள் பற்றிய கையேட்டில் மெட்டியோகிக்கும் அதன் சொந்தமான அனாக்சிபாவுக்கும் இடம் உண்டு. முட்டைகளோடு தத்துப்பூச்சி, புகையான் இவற்றின் குஞ்சுகளையும் இவை தின்னும். நடவு செய்த முதல் ஒரு மாதம் இலைச்சுருட்டுக்காகப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்று அந்த நிலையத்தார் சொல்லிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வயதில் பயிர் இலைச் சேதத்தைத் தானே ஈடுகட்டிவிடும், மருந்தோ காவலாளியையும் சேர்த்துக் கொன்றுவிடும். வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1990-களில் இதை ஒரு பிரச்சாரமாகவே எடுத்துச்சென்றார்கள்.

மறுநாள் காலை, பிடித்த அதே பத்தையில் விட்டுவிடுங்கள். பக்கத்து ஊர் வயலில் விட வேண்டாம்.

எழுதி வைப்பதும் ஏற்றுவதும்

நோட்டில் தேதி, நேரம், இடம், செடி, தரையிலிருந்து உயரம், தண்ணீரிலிருந்து தூரம் எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் பொதுவாக யாரும் எழுதாதவை, இருப்பிடத்தைப் பற்றி எதையாவது சொல்லக்கூடியவையும் அவையே. தேடிக் கிடைக்காத நாளையும் எழுதுங்கள், அன்று வரப்பு வெட்டியிருந்ததா, மருந்து அடித்திருந்ததா என்ற குறிப்போடு.

போட்டோ மூன்று கோணத்தில் வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் பின்காலும் வால்முனையும் வெட்டுப்படக் கூடாது. உயிரினப் படங்களை ஏற்றிப் பெயர் தெரிந்துகொள்ளும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடும்போது, செயலி முதலில் நீட்டும் இனப் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். நம் ஊர்ப் பூச்சிகளுக்குப் படங்கள் குறைவென்பதால் அது வெளிநாட்டுப் பெயரைக்கூடத் தூக்கிக் கொடுக்கும். டிரிகோனிடிடே என்று குடும்பத்தோடு நிறுத்துங்கள், தெரிந்தவர்கள் வந்து இனம் வரை பிரித்துச் சொல்வார்கள். வீட்டை ஒட்டிய இடமோ, அடுத்தவர் வயலோ என்றால் இடக்குறியை மங்கலாக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.